வெப்சைட் கடைசியில்தான்: சிறு கடையை இணையத்துக்குக் கொண்டுவர ஒரு முழு வழிகாட்டி

காங்கேயத்துப் பக்கம் என் சித்தப்பா மரச்செக்கு வைத்திருக்கிறார். கடலை, எள், தேங்காய் மூன்றும் ஆட்டுகிறார். எண்ணெய் கடையில் விற்கும், புண்ணாக்கை மாடு வைத்திருப்பவர்கள் வந்து வாங்கிப் போவார்கள். சில வருடங்களுக்கு முன் ஒருவர் வந்து, "ஆன்லைன்ல உங்க கடைய எங்கியோ கொண்டுபோய் நிறுத்திடறனுங்க" என்று சொல்லி 25,000 ரூபாய் வாங்கிக்கொண்டு ஒரு வெப்சைட் போட்டுக் கொடுத்தார். முகப்பில் தானாக மாறும் படங்கள், ஐந்து பக்கம், கீழே பேஸ்புக், இன்ஸ்டாகிராம் என்று நான்கு அடையாளங்கள். அவற்றில் எதைத் தொட்டாலும் எங்கும் போகாது. ஒரு வருடத்தில் அதன் வழியாக வந்த ஆர்டர் இரண்டு. அடுத்த வருடம் தளத்தின் பெயரைப் புதுப்பிக்க வேண்டிய நேரத்தில் அவர் போனை எடுக்கவில்லை. டொமைன் அவர் பெயரில், அவர் மின்னஞ்சலில் பதிவாகியிருந்தது. பணத்தோடு பெயரும் போயிற்று.

"இதெல்லாம் நமக்கு ஒத்துவராது கண்ணு" என்றார் சித்தப்பா.

ஒத்துவந்தது. வரிசைதான் தப்பாக இருந்தது. அதற்குப் பிறகு நானும் அவரும் உட்கார்ந்து முதலில் இருந்து செய்த வேலையைத்தான் இங்கே எழுதுகிறேன். உதாரணம் எண்ணெய்க் கடையாக இருந்தாலும் தையல் கடை, மெஸ், டூவீலர் மெக்கானிக், வீட்டில் பொடி அரைத்து விற்பவர்கள் எல்லாருக்கும் பெரும்பாலும் இதே வரிசை பொருந்தும்.

முதல் படி: சாவி யார் கையில்?

எந்தக் கணக்கும் தொடங்கும் முன்னால் கடைக்கென்று ஒரு சிம், கடைக்கென்று ஒரு ஜிமெயில், ஒரு நோட்டு வேண்டும்.

சிம் உரிமையாளர் பெயரில் இருக்கட்டும். வீட்டு நம்பரையே கடைக்கும் கொடுத்தால் சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்துப் பத்திரிகையும் வாடிக்கையாளர் ஆர்டரும் ஒரே பெட்டியில் வந்து விழும். எது எங்கே போனது என்று தேட வேண்டியதுதான். ரீசார்ஜையும் விட்டுவிடாதீர்கள். நீண்ட நாள் பயன்படுத்தாத எண் வேறொருவருக்குப் போய்விடும். அதோடு உங்கள் ஓடிபியும் அவருக்கே போகும்.

ஜிமெயிலும் அப்படித்தான். மகனின் மெயில், கடையில் வேலை பார்க்கும் தம்பியின் மெயில், வெப்சைட் போட வருபவரின் மெயில் எதுவும் வேண்டாம். வேறொருவர் உதவி செய்கிறார் என்றால் கடையை மேப்பில் காட்டும் கூகுள் பிசினஸ் கணக்கிலும் பேஸ்புக் பக்கத்திலும் அவரை மேலாளராகச் சேர்க்க வழி இருக்கிறது. வேலை முடிந்ததும் நீக்கிவிடலாம். பாஸ்வேர்டைக் கொடுக்கத் தேவையே இல்லை. பாஸ்வேர்டோடு இன்னொரு குறியீட்டையும் கேட்கும் இரண்டு கட்டச் சரிபார்ப்பையும் போட்டுவிடுங்கள்.

நோட்டில் எந்தக் கணக்கு, எந்த மெயில், என்ன பாஸ்வேர்டு, எப்போது புதுப்பிக்க வேண்டும் என்று எழுதி வையுங்கள். பாஸ்வேர்டை எழுதி வைக்கக் கூடாது என்று சொல்வார்கள். பீரோவில் நிலப் பத்திரத்தோடு இருக்கிற நோட்டைத் திருட வருகிறவன் இன்ஸ்டாகிராம் கணக்குக்காக வரமாட்டான் என்பது என் கணக்கு.

அப்புறம் பெயர். போர்டில் ஒன்று, பில்லில் ஒன்று, மேப்பில் ஒன்று என்று இருக்கக் கூடாது. தமிழில் எப்படி, ஆங்கில எழுத்தில் எப்படி என்று ஒரு முறை முடிவு செய்து அதையே எல்லா இடத்திலும் போடுங்கள். அதே பெயர் இன்ஸ்டாகிராமிலும் டொமைனிலும் கிடைக்கிறதா என்று பார்த்துவிட்டு முடிவு செய்தால் பின்னால் தலைவலி இல்லை.

இரண்டாம் படி: கூகுள் மேப்பில் கடை

ஒரே ஒரு வேலைதான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். ரீல்ஸ் பார்ப்பவர் பொழுதுபோக்குக்குப் பார்க்கிறார். மேப்பில் "செக்கு எண்ணெய் நியர் மீ" என்று தேடுகிறவர் பையோடு கிளம்பத் தயாராக இருக்கிறார். கூகுள் பிசினஸ் புரொஃபைல் என்பது இதன் பெயர். 2021 வரை கூகுள் மை பிசினஸ் என்று இருந்தது. இலவசம்.

முதலில் உங்கள் கடை ஏற்கெனவே மேப்பில் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். யாராவது வாடிக்கையாளர் சேர்த்து வைத்திருக்கலாம். இருந்தால் புதிதாக ஒன்று தொடங்காமல் அதற்கே உரிமை கோருங்கள். இரண்டு இருந்தால் விமர்சனங்கள் பிரிந்து நிற்கும்.

பெயர் இடத்தில் போர்டில் இருக்கிற பெயரை மட்டும் போடுங்கள். "காங்கேயம் சிறந்த மரச்செக்கு நல்லெண்ணெய் கடலை எண்ணெய் மலிவு விலை" என்று இழுத்து எழுதுவது கூகுள் விதிக்கு எதிரானது, கணக்கையே முடக்கிவிடுவார்கள். அந்தச் சொற்களை விவரிப்பிலும் பொருள் பட்டியலிலும் எழுதலாம். முதன்மை வகையைக் கவனமாகத் தேர்ந்தெடுங்கள். எந்தத் தேடலுக்கு உங்களைக் காட்டுவது என்பதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. வீட்டிலிருந்து செய்கிறீர்கள், வாடிக்கையாளர் வீட்டுக்கு வருவதில்லை என்றால் முகவரியை மறைத்துவிட்டு எந்தெந்தப் பகுதிக்கு அனுப்புவீர்கள் என்று மட்டும் காட்டலாம். வீட்டில் தனியாக இருந்து தொழில் செய்கிற பெண்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

மேப்பில் குத்தியிருக்கும் புள்ளியை உங்கள் விரலால் பெரிதாக்கிப் பாருங்கள். எங்கள் கடைக்கு அது பின் தெருவில் இருந்தது. வழி கேட்டு வந்தவர்கள் பின்பக்க மாட்டுக் கொட்டகைக்கு முன்னால் வண்டியை நிறுத்திவிட்டுப் போன் போடுவார்கள். புள்ளியை இழுத்து வாசலுக்குக் கொண்டுவர அரை நிமிடம்தான் ஆயிற்று.

அடுத்து சரிபார்ப்பு. பலரும் இங்கேதான் சலித்துப்போய் விட்டுவிடுகிறார்கள். இப்போது பெரும்பாலும் வீடியோ கேட்கிறார்கள். இடையில் வெட்டாத ஒரே வீடியோவில் மூன்று விஷயம் தெரிய வேண்டும்: கடை எங்கே இருக்கிறது, அங்கே என்ன தொழில் நடக்கிறது, அதை நடத்துவது நீங்கள்தானா. எங்கள் முதல் வீடியோவில் கடையின் உள்பக்கம் மட்டும் இருந்தது; தள்ளுபடி. இரண்டாவது வீடியோ ஒரு ஞாயிற்றுக்கிழமை எடுத்தது, மூடிய ஷட்டர் மட்டும் தெரிந்தது, அதுவும் தள்ளுபடி. மூன்றாவது முறை காலை ஏழு மணிக்கு பஸ் ஸ்டாப்பிலிருந்து போனைப் பிடித்தபடி நடந்தேன். எதிரே இருக்கும் கோயில் கோபுரம், தெருப் பலகை, கடை போர்டு, சித்தப்பா பூட்டைத் திறந்து ஷட்டரைத் தூக்குவது, மோட்டார் சுவிட்சைப் போட்டதும் செக்கு சுற்றத் தொடங்குவது, கல்லாவைத் திறப்பது, கடைப் பெயர் அச்சிட்ட பில் புத்தகம். ஒன்றரை நிமிடம் இருக்கும். சில நாளில் ஒப்புதல் வந்தது. ஆதார் அட்டை, பேங்க் பாஸ்புக் எதையும் வீடியோவில் காட்ட வேண்டாம்.

படம் போடும்போது முதல் படம் சாலைக்கு எதிர்ப்பக்கம் நின்று எடுத்த கடை முகப்பாக இருக்கட்டும். முதல் முறை வருகிறவர் வண்டியில் இருந்து பார்க்கப்போவது அதைத்தான். அடுத்து உள்பக்கம், பொருள்கள், வேலை நடப்பது. சாமி படத்தையும் இணையத்தில் இறக்கிய வேர்க்கடலைப் படத்தையும் தவிர்த்துவிடுங்கள்.

நேரத்தைச் சரியாக வையுங்கள். ஆடிப் பதினெட்டுக்கும் தீபாவளிக்கும் கடை மூடினால் விசேஷ நேரம் என்ற இடத்தில் முன்கூட்டியே போட்டுவிடலாம். திறந்திருக்கிறது என்று நம்பி தாராபுரத்திலிருந்து வந்து ஷட்டரைப் பார்த்துத் திரும்பியவர் மறுபடி வரமாட்டார். வந்தாலும் ஒற்றை நட்சத்திரத்தோடுதான் வருவார்.

யாரை மேலே காட்டுவது என்பதைப் பொருத்தம், தூரம், கடைக்கு இருக்கும் பெயர் மூன்றையும் வைத்து முடிவு செய்வதாகக் கூகுள் சொல்கிறது. இதற்குப் பணம் வாங்குவதில்லை. "கூகுள்ல இருந்து பேசறோம், 5,000 கட்டினா உங்க கடை முதல்ல வரும்" என்று போன் வந்தால் வைத்துவிடுங்கள். மேப்பில் எண் ஏறிய மறு வாரமே இந்தப் போன்கள் வர ஆரம்பிக்கும்.

விமர்சனம் கேட்கக் கூச்சப்படாதீர்கள். விமர்சனம் எழுதும் பக்கத்துக்கான லிங்கையும் க்யூஆர் கோடையும் கூகுளே தருகிறது. அச்செடுத்துக் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒட்டினோம். ஒட்டியதால் மட்டும் யாரும் எழுதவில்லை. இரண்டாவது முறை வாங்க வருகிறவரிடம், "போன தடவ எண்ணெய் எப்படிங்க இருந்துச்சு?" என்று சித்தப்பா கேட்பார். நல்லா இருந்தது என்று சொன்ன பிறகு, "அதையே இதுல ரெண்டு வரி எழுதிடுங்க" என்பார். அது வேலை செய்தது. எழுதினால் தள்ளுபடி என்று சொல்லக் கூடாது, விதிமீறல்.

கெட்ட விமர்சனம் வரும். சென்னையிலிருந்து ஒரு அம்மா ஒற்றை நட்சத்திரம் போட்டு, மூடி கசிந்து பெட்டி முழுக்க எண்ணெய் என்று எழுதியிருந்தார். சித்தப்பாவுக்குக் கோபம். "கூரியர்காரன் தூக்கிப் போட்டா நானா பொறுப்பு? அப்படியே எழுது" என்றார். "சித்தப்பா, இத அந்தம்மா ஒருத்தர்தான் படிப்பாங்கன்னு இல்லைங்க. இனி வாங்கப்போற எல்லாரும் படிப்பாங்க" என்றேன். கடைசியில் நாங்கள் எழுதியது இவ்வளவுதான்: "மன்னிக்கணும்ங்க. மூடி கசிந்தது எங்கள் பேக்கிங் குறை. இன்று வேறு ஒரு லிட்டர் அனுப்பியிருக்கிறோம். இனி மூடிக்குள் சீல் வைத்து, மேலே டேப் சுற்றித்தான் அனுப்புவோம்." அந்த அம்மா நட்சத்திரத்தை மாற்றவே இல்லை. ஆனால் அதற்குப் பிறகு மூடி கசிந்ததாகப் புகார் வரவில்லை.

மூன்றாம் படி: வாட்ஸ்அப் பிசினஸ்

மேப் புதியவரைக் கொண்டுவரும். வாட்ஸ்அப் வந்தவரைத் திரும்ப வரவைக்கும். சாதாரண வாட்ஸ்அப்பிலேயே வியாபாரம் செய்பவர்கள் நிறையப் பேர். பிசினஸ் ஆப்பும் இலவசம்தான். லேண்ட்லைன் எண்ணிலும் அதைத் தொடங்கலாம். சரிபார்ப்புக் குறியீட்டைக் குரல் அழைப்பில் சொல்வார்கள்.

கேட்டலாக் முதல் வேலை. எண்ணெய் ஒவ்வொன்றுக்கும் ஒரு படம், அளவு, விலை. "விலை இன்பாக்ஸில்" என்று எழுதுகிற பழக்கம் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. விலை கேட்கத் தயங்கி விலகிப் போகிறவர் எத்தனை பேர் என்று விற்பவருக்குத் தெரிவதே இல்லை. கடலை விலை ஏறி இறங்கும் என்றால் திங்கட்கிழமைதோறும் மாற்றுங்கள்.

வரவேற்புச் செய்தி இரண்டாவது. முதல் முறை எழுதுகிறவருக்குத் தானாகப் போகும். எங்களுடையது இது:

"வணக்கங்க. விலை எல்லாம் கேட்டலாக்கில் இருக்கு. எந்த எண்ணெய், எத்தனை லிட்டர், உங்க ஊர் பின்கோடு மூன்றையும் அனுப்புங்க. கூரியர் செலவு சேர்த்து மொத்தம் சொல்றோம். காலை 9 முதல் இரவு 8 வரை பதில் வரும்."

இந்த மூன்று கேள்வியும் இல்லாதபோது ஒரு ஆர்டருக்குப் பதினைந்து மெசேஜ் ஆகும். அடிக்கடி எழுத வேண்டிய பதில்களை விரைவுப் பதிலாகச் சேமித்து வைத்தால், சாய்கோடு போட்டு ஒரு சொல் தட்டினால் முழுப் பதிலும் வந்து நிற்கும். கூரியர் எத்தனை நாள், பணம் எப்படி அனுப்புவது, நல்லெண்ணெயில் கருப்பட்டி சேர்ப்பது ஏன் என்ற மூன்றையும் சித்தப்பா தினமும் எழுதிக்கொண்டிருந்தார். லேபிள்களையும் பயன்படுத்துங்கள்: புது ஆர்டர், பணம் வந்தது, அனுப்பியாச்சு. வெள்ளிக்கிழமை மாலை எத்தனை பெட்டி கட்ட வேண்டும் என்று போனைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

குரூப் வேண்டாம். ஒருவர் எண் மற்றவருக்குத் தெரியும், காலை வணக்கம் குவியும், போட்டிக் கடைக்காரரும் உள்ளே இருப்பார். ஒரே செய்தியை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியல் போதும். ஒரு பட்டியலில் 256 பேர். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. உங்கள் எண்ணைத் தன் போனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டும்தான் பிராட்காஸ்ட் போய்ச்சேரும். அதனால் பாட்டில் லேபிளில் எண்ணுக்குக் கீழே "இந்த எண்ணை உங்க போனில் சேமிச்சு வைங்க" என்று ஒரு வரி சேர்த்தோம். மாதம் இரண்டு செய்திக்கு மேல் அனுப்புவதில்லை. புது எள் வந்தது, விலை மாறியது, கடை விடுமுறை இவ்வளவுதான் செய்தி. நச்சரித்தால் பிளாக் செய்வார்கள்.

உங்கள் எண்ணோடு நேரே பேச்சைத் திறக்கும் லிங்க்கை ஆப்பே தருகிறது. அதை மேப்பிலும் இன்ஸ்டாகிராமிலும், பிறகு வெப்சைட்டிலும் போடுங்கள். எல்லா வழியும் ஒரே பெட்டியில் வந்து சேரட்டும்.

நான்காம் படி: படமும் ரீல்ஸும்

எல்லாத் தளத்திலும் இருக்க வேண்டும் என்று ஆரம்பித்து மூன்றாவது வாரம் எதிலும் இல்லாமல் போனவர்கள் அநேகம். ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். புடவை, கேக், மெஹந்தி, வீட்டு அலங்காரம் என்றால் இன்ஸ்டாகிராம். பம்ப்செட் பழுது, விவசாயக் கருவி என்றால் யூடியூப். உள்ளூரில் நடுவயதுக்காரர்கள் வாங்குகிற பொருள் என்றால் பேஸ்புக் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. நாங்கள் இன்ஸ்டாகிராமில் போட்டு, அதுவே பேஸ்புக் பக்கத்திலும் வருகிற மாதிரி இணைத்துக்கொண்டோம்.

கணக்கை புரொஃபஷனல் வகைக்கு மாற்றுங்கள். பெயர் என்ற இடத்தில் எழுதுவது தேடலில் அகப்படும்; அதனால் கடைப் பெயரோடு "மரச்செக்கு எண்ணெய், காங்கேயம்" என்று சேர்க்கலாம். பயோவில் தத்துவம் வேண்டாம். என்ன விற்கிறீர்கள், எங்கே, எப்படி வாங்குவது என்று மூன்று வரி போதும்.

என்ன போடுவது? இதற்குத்தான் எல்லாரும் திணறுகிறார்கள். பண்டிகை வாழ்த்து அட்டைகளை யாரும் நின்று பார்ப்பதில்லை. உங்களுக்குச் சலித்துப்போன தினசரி வேலை மற்றவர்களுக்குப் புதிது. எங்கள் கணக்கில் அதிகம் பேர் பார்த்தது செக்கிலிருந்து புண்ணாக்கை அள்ளுகிற 20 விநாடி வீடியோ. அதை எடுத்தபோது, "இதுல என்ன இருக்குன்னு எடுக்கற?" என்றார் சித்தப்பா. அடுத்தது விலைக் கேள்வி. "கடை எண்ணெய விட உங்களுது ஏன் இவ்வளவு விலை?" என்று தினமும் கேட்பார்கள். ஒரு லிட்டர் கடலை எண்ணெய்க்கு ஏறக்குறைய 2½ கிலோ நிலக்கடலைப் பருப்பு வேண்டும். தராசில் பருப்பை எடை போட்டு, அன்றைய பருப்பு விலையைச் சொல்லி, ஆட்டி, வந்த எண்ணெயை லிட்டர் படியில் ஊற்றிக் காட்டினோம். அதற்குப் பிறகு விலை பற்றிக் கேட்பவருக்கு அந்த வீடியோவையே அனுப்புகிறோம். உங்கள் தொழிலில் வாடிக்கையாளர் அடிக்கடி கேட்கும் பத்துக் கேள்வியை எழுதுங்கள். பத்து வீடியோ தயார்.

படப்பிடிப்புக்குப் போன் போதும். லென்ஸைத் துடையுங்கள், அதிலும் எண்ணெய்க் கடை என்றால் ஒவ்வொரு முறையும். காலை வெளிச்சத்தில் வாசல் பக்கம் வைத்து எடுங்கள், பிளாஷ் வேண்டாம். முதல் மூன்று விநாடியில் விஷயம் தெரிய வேண்டும். லோகோ சுழன்று வருவதற்குள் ஆள் அடுத்த வீடியோவுக்குப் போய்விடுவார். சினிமாப் பாட்டைப் போடும் முன் யோசியுங்கள். வணிகக் கணக்குகளுக்கு உரிமப் பிரச்சினையால் பல பாடல்கள் கிடைக்காது, போட்டாலும் ஒலி முடக்கப்படலாம். செக்கு சுற்றுகிற சத்தமே எங்களுக்குப் போதுமானதாக இருந்தது. பேசுவதைத் திரையில் எழுத்தாகவும் போடுங்கள். பஸ்ஸில் சத்தமில்லாமல் பார்ப்பவர்கள் அதிகம்.

பொருளைப் பற்றி அளந்து பேசுங்கள். "கொலஸ்ட்ரால் கரையும், சர்க்கரை குணமாகும்" என்று உணவுப் பொருளுக்கு விளம்பரம் செய்வது சட்டச் சிக்கல். 2018-ல் வந்த உணவுப் பாதுகாப்பு விளம்பர விதிமுறைகள் ரீல்ஸுக்கும் பொருந்தும். பாலோயர்களைக் காசுக்கு வாங்காதீர்கள். பத்தாயிரம் பேர் இருந்தும் ஒரு லிட்டர் விற்காத கணக்கை நான் பார்த்திருக்கிறேன்.

ஐந்தாம் படி: இப்போது வெப்சைட்

அப்படியானால் வெப்சைட் எதற்கு என்று கேட்கலாம். 2020 ஜூன் கடைசியில் டிக்டாக் இந்தியாவில் தடை செய்யப்பட்டபோது அதை நம்பி விற்றவர்களின் பின்தொடர்வோர் கூட்டம் ஒரே இரவில் காணாமல் போயிற்று. 2021 அக்டோபர் 4 அன்று பேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் ஆறு மணி நேரம் போல முடங்கின. கூகுள் பிசினஸ் கணக்கோடு இலவசமாகக் கொடுத்த வெப்சைட்டுகளை 2024 மார்ச்சில் கூகுளே மூடிவிட்டது. வாடகை வீட்டில் சுவரை இடிக்க முடியாது என்பது நமக்குத் தெரிந்ததுதானே. சொந்தமாக ஒரு முகவரி வேண்டும். ஆனால் வாட்ஸ்அப்பில் மாதம் சில ஆர்டராவது வரத் தொடங்கிய பிறகு போதும்.

டொமைனை உங்கள் மெயிலில், உங்கள் கார்டில், நீங்களே வாங்குங்கள். டாட் இன் பெயர் ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய் சுற்றி இருக்கும். முதல் வருடம் சலுகையில் மலிவாகக் கொடுத்துவிட்டுப் புதுப்பிக்கும்போது ஏற்றுவார்கள். புதுப்பிப்பு விலையைப் பார்த்து வாங்குங்கள். தளம் கட்டுவதற்கு, நாலைந்து பொருள் என்றால் கூகுள் சைட்ஸில் இலவசமாக ஒரு பக்கம் போட்டு அதில் உங்கள் டொமைனை இணைத்தாலே போதும். தளத்திலேயே ஆர்டரும் பணமும் வர வேண்டும் என்றால் தளம் கட்டும் வேர்டுபிரஸ்ஸும் அதில் கடையைச் சேர்க்கும் வூகாமர்ஸும். மென்பொருள் இலவசம், தளத்தை இணையத்தில் வைத்திருக்கும் இடமான ஹோஸ்டிங்குக்குப் பணம். பராமரிப்பே வேண்டாம் என்பவர்களுக்கு ஷாப்பிஃபை என்ற ஆயத்தக் கடைத் தளம். மாதாமாதம் கட்ட வேண்டும். வேறொருவர் கட்டிக் கொடுத்தால் டொமைன், ஹோஸ்டிங், தள நிர்வாகி மூன்றின் கணக்கும் உங்கள் கைக்கு வந்த பிறகு கடைசித் தவணையைக் கொடுங்கள்.

பக்கங்களில் அலங்காரம் குறைவாக, தகவல் நிறைய இருக்கட்டும். போனில் திறந்ததும் என்ன கடை, எந்த ஊர், என்ன விலை, வாட்ஸ்அப் பொத்தான் எல்லாம் விரலைத் தள்ளாமல் தெரிய வேண்டும். படங்களை 200 கேபிக்குள் சுருக்குங்கள். பணம் வாங்கும் கேட்வே வேண்டும் என்றால் விதிமுறை, தனியுரிமை, பணம் திருப்புதல், டெலிவரி, தொடர்பு ஆகிய பக்கங்கள் இருக்கிறதா என்று அவர்கள் பார்ப்பார்கள். ஒவ்வொரு விற்பனையிலும் 2 சதவீதம் சுற்றிக் கட்டணம் பிடிப்பார்கள் என்பதை விலையில் கணக்கு வையுங்கள்.

தமிழில் எழுதுங்கள், எல்லாப் போனிலும் சரியாகத் தெரியும் யூனிகோடு எழுத்தில் எழுதுங்கள். லேபிள் அடித்த அச்சகத்திலிருந்து வாங்கிய தமிழை அப்படியே தளத்தில் ஒட்டினோம். அது பழைய எழுத்துருவில் இருந்தது. "நல்லெண்ணெய்" இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்தும் குறியீடும் கலந்த கந்தரகோளம். படமாகப் போட்ட தமிழும் நம்பத்தக்கதல்ல. தேடலில் அது வரும் என்று எதிர்பார்க்க முடியாது. போனில் உட்கார்ந்து தட்டிவிடுங்கள். மக்கள் தமிழிலும் தேடுகிறார்கள், தங்கிலீஷிலும் தேடுகிறார்கள், ஆங்கிலத்திலும் தேடுகிறார்கள். எனவே பொருள் பெயரை மூன்று விதமாகவும் ஒரு முறையாவது எழுதுங்கள். கடைசியில் கூகுள் சர்ச் கன்சோலில் தளத்தைச் சேர்த்தால் எந்தச் சொல்லுக்கு உங்கள் பக்கம் வருகிறது என்று இலவசமாகப் பார்க்கலாம்.

இடையில் ஒரு காகித வேலை

உணவுப் பொருள் என்றால் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ-யின் 14 இலக்க எண் லேபிளிலும் பில்லிலும் இருக்க வேண்டும். பொட்டலமிட்ட பொருளில் நிகர அளவு, அதிகபட்ச விலை, தயாரிப்பாளர் முகவரி, தயாரித்த மாதம், வாடிக்கையாளர் தொடர்பு எல்லாம் வேண்டும். இணையத்தில் விற்கும்போதும் இவற்றில் பெரும்பாலானவற்றைப் பக்கத்தில் காட்ட வேண்டும். பலர் தெரியாமல் மாட்டிக்கொள்வது ஜிஎஸ்டியில். உள்ளூரில் விற்றுமுதல் வரம்புக்குள் இருக்கிறவரை பதிவு தேவைப்படாமல் இருக்கலாம். ஆனால் வரிக்குட்பட்ட சரக்கை பெங்களூருக்கு ஒரு பெட்டி அனுப்பினாலும் மாநிலம் தாண்டிய விற்பனை. சில கைவினைப் பொருள்கள் போன்ற விலக்குகள் தவிர, விற்றுமுதல் எவ்வளவு என்று பார்க்காமல் பதிவு கேட்கிறது சட்டம். வெளிமாநில ஆர்டர் எடுக்கும் முன் ஆடிட்டரிடம் அரை மணி நேரம் உட்காருங்கள்.

ஆறாம் படி: காசு கொடுத்து விளம்பரம்

இதுவரை சொன்னது நடந்த பிறகு மட்டும். போஸ்ட்டுக்குக் கீழே இருக்கும் பூஸ்ட் பொத்தானை அவசரப்பட்டு அமுக்க வேண்டாம். பேஸ்புக், இன்ஸ்டாகிராம் இரண்டையும் நடத்தும் மெட்டாவின் விளம்பரத்தில் வாட்ஸ்அப் பேச்சைத் திறக்கும் வகையைத் தேர்ந்தெடுத்து, கடையைச் சுற்றிச் சில கிலோமீட்டர் அல்லது நீங்கள் அனுப்புகிற ஒன்றிரண்டு ஊரை மட்டும் குறித்து, நாளுக்கு 200 ரூபாய் வீதம் ஐந்து நாள் விடுங்கள். ஆயிரம் ரூபாய், அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. எத்தனை லைக் என்று பார்க்க வேண்டாம். எத்தனை பேர் மெசேஜ் அனுப்பினார்கள், அதில் எத்தனை பேர் வாங்கினார்கள் என்று எண்ணுங்கள். எங்கள் முதல் விளம்பரம் தமிழ்நாடு முழுக்கப் போயிற்று. நூற்றுக்கணக்கான லைக், நான்கு மெசேஜ், ஒரு லிட்டர் விற்பனை. திருப்பூர், ஈரோடு என்று சுருக்கி, பருப்பை எடை போடும் வீடியோவையே விளம்பரமாக விட்டபோதுதான் போட்ட காசு திரும்பி வந்தது.

உங்கள் எண் வெளியே தெரியத் தெரிய மோசடியும் தேடி வரும். ஒரு நாள் இந்தி கலந்த ஆங்கிலத்தில் ஒருவர், தான் ராணுவ முகாமிலிருந்து பேசுவதாகவும் 50 லிட்டர் வேண்டும் என்றும் சொன்னார். விலையே பேசவில்லை. முன்பணம் அனுப்ப ஒரு க்யூஆர் கோடு அனுப்பியிருக்கிறேன், ஸ்கேன் செய்து உங்கள் பின் நம்பரைப் போடுங்கள் என்றார். சித்தப்பா 50 லிட்டர் சந்தோஷத்தில் போனைக் கையில் எடுத்துவிட்டார். யுபிஐயில் பணம் வாங்க பின் தேவையே இல்லை. பின் போட்டால் உங்கள் கணக்கிலிருந்து பணம் போகிறது என்று அர்த்தம். பணம் அனுப்பியதாக வரும் ஸ்கிரீன்ஷாட்டையும் நம்பாதீர்கள்; உங்கள் பேங்க் கணக்கில் ஏறியதைப் பார்த்த பிறகு பெட்டியைக் கட்டுங்கள். ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள்.

ஏழாம் படி: கல்லாப் பக்கத்து நோட்டு

எது வேலை செய்கிறது என்று எப்படித் தெரியும்? கூகுள் பிசினஸில் எத்தனை பேர் அழைத்தார்கள், எத்தனை பேர் வழி கேட்டார்கள் என்ற எண்ணிக்கை மாதந்தோறும் வரும். இன்ஸ்டாகிராமிலும் புள்ளிவிவரம் உண்டு. அவற்றைவிட எனக்குப் பயன்பட்டது 40 பக்க நோட்டு ஒன்று. புதிதாக வருகிற ஒவ்வொருவரிடமும், "நம்ம கடைய எப்படிங்க தெரிஞ்சுக்கிட்டீங்க?" என்று சித்தப்பா கேட்டு ஒரு கோடு போடுவார். மேப், வாட்ஸ்அப், இன்ஸ்டா, வெப்சைட், சொல்லி வந்தவர், போர்டு பார்த்தவர் என்று ஆறு கட்டம்.

மூன்று மாதக் கோடுகளை எண்ணினோம். சொல்லி வந்தவர்தான் முதலிடம், மேப் இரண்டாவது. இன்ஸ்டா மூன்றாவது என்றாலும் வெளியூர்ப் பெட்டிகள் பெரும்பாலும் அதிலிருந்துதான். வெப்சைட்டுக்கு நேரே பதினொரு கோடு. அதைப் பார்த்து வாரத்தில் நேரத்தைப் பிரித்துக்கொண்டோம்: திங்கள் காலை விலை மாற்றம், புதன்கிழமை ஒரு வீடியோ, சனிக்கிழமை விமர்சனங்களுக்குப் பதில். மொத்தம் இரண்டு மணி நேரம் தாண்டாது. போர்டு பார்த்து வந்தவர் கட்டத்தில் எதிர்பார்த்ததைவிடக் கோடு குறைவாக இருந்தது. வெளியே போய்ப் பார்த்தால் வேப்பமரக் கிளை போர்டை மறைத்திருந்தது. அடுத்த நாள் ஆள் வைத்து வெட்டினோம்.